படலைக்கு உள்ளே எவ்வளவு தூரம்?

என்னிடம் படித்து, இப்போது வவுனியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஒருவர் சென்ற கிழமை மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். கடந்த சில மாதங்களில் நான் வாசித்த நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் எவை, அவற்றைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்பது முதலாவது. எங்களுடைய நாவல்களிற் பல நடந்ததைப் பதிந்துவைத்த ஏடுகளாகவே தனக்குத் தெரிகின்றன என்றும், இது தன் வாசிப்பின் குறையா, நாவல்களின் குறையா என்றும் இரண்டாவதாகக் கேட்டிருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கையில் எதை முதலிற் கொடுப்பது என்பது மூன்றாவது. இரண்டு வரியில் மறுமொழி அனுப்பிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளை, முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்மையில் வாசித்தவை என்றால் அண்மையில் வெளிவந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணில் புரை அகற்றிய பின்னர் சில கிழமைகள் வாசிக்கக் கூடாதென்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து மறித்துவைத்திருந்தார்கள். அந்தத் தடை நீங்கியதும், கடைக்குப் போய்ப் புதிதாக வாங்காமல், அலுமாரியில் இருந்தவற்றையே ஒவ்வொன்றாக இறக்கினேன். பாதிக்கு மேல் இரண்டாம், மூன்றாம் முறை வாசிப்பு. ஐப்பசியில் தொடங்கி மார்கழி மழை ஓயும்வரை விறாந்தையிற் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு வாசித்ததில், முன்னர் கதை போகும் வேகத்திற் கவனியாமல் விட்ட ஒன்று இம்முறை கண்ணிற் பட்டது. எங்களுடைய நல்ல கதைகள் எல்லாவற்றிலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் யார் எதுவரை வரலாம், யார் எங்கே இருக்கலாம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது எழுதியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எந்த இடத்தில் அது மங்கிப் போகிறதோ அந்த இடத்திலேயே கதையும் தளர்ந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஆனால் உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிற் பலர் மதிலும் இரும்புக் கேற்றும் உள்ள வீடுகளிற் பிறந்தவர்கள். கிடுகு வேலி, அதிலே படலை என்ற வேலிக்கதவு, படலைக்குள் முற்றம், முற்றத்திலிருந்து விறாந்தை, உள்ளே அறைகள், சாமியறை, பின்னால் குசினி, அதற்கும் அப்பாற் கிணற்றடி என்று இருந்த ஒழுங்கு அவர்களுக்குப் படமாகத்தான் தெரியும். அந்த ஒழுங்கிலே சாதியும் இருந்தது, உறவும் இருந்தது, ஆண் பெண் என்ற வேறுபாடும் இருந்தது. ஒருவர் படலையோடு நின்று கதைத்துவிட்டுப் போவார். இன்னொருவர் முற்றத்தில் நிற்பார், விறாந்தையில் ஏறமாட்டார். சொந்தக்காரர் குசினி வாசல்வரை வந்து மூக்குப்பேணியில் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். வேலி அடைக்க வந்தவருக்கு அதே தேத்தண்ணி சிரட்டையிற் போகும். இதில் ஒரு வேடிக்கை: கதிரை, அலுமாரி, குசினி, விறாந்தை என்று வீட்டுக்குள்ளே புழங்கும் சொற்களிற் பலவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், ஆளை நிறுத்திவைக்கும் படலைக்கும் கிணற்றடிக்கும் மட்டும் சொந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே ஒரு யாழ்ப்பாணத்துக் கதையில் "அவர் வீட்டுக்கு வந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எதுவரை வந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அதை முதன்முதல் வாசித்தபோது நான் இருபதைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டிற் பாயின் கீழ் வைத்துத்தான் வாசிக்க முடிந்தது. டானியல் எழுதிய விடயங்களைக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதன் பின்னர் தேநீர்க் கடைகளிலும் கோவில்களிலும் நடந்த நுழைவுப் போராட்டங்களும் அவருக்குக் கண்முன் நடந்தவை. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் அவரே நின்றவர். இம்முறை மூன்றாவது தடவையாக வாசித்தபோது குறைகளும் தெரிந்தன. மறைக்க வேண்டியதில்லை. பாத்திரங்கள் சில இடங்களில் ஒருவரோடொருவர் கதைப்பதை விட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகின்றன. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது அவர்கள் வாயைத் திறக்கும் முன்னரே தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் அந்த நாவலை யாரும் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம், அதுவரை வீட்டுக்குள்ளே இருந்து வெளியே பார்த்து எழுதப்பட்ட யாழ்ப்பாணத்தை அவர் படலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்து எழுதினார் என்பதே. அங்கிருந்து பார்த்தால் எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடு கோட்டைபோலத் தெரிகிறது.

அவருடைய 'தண்ணீர்' அளவிற் சிறியது. கலையாக அதையே நான் உயர்வாக மதிக்கிறேன். தலைப்புச் சொல்வதுபோல, சொந்தக் கிணறு இல்லாத மக்கள் குடிதண்ணீருக்குப் பட்ட பாடுதான் விடயம். இதைப் பற்றி எழுதும்போது என் வீட்டுக் கிணற்றடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களுடையது துலாக் கிணறு. காலையில் இரண்டு மூன்று பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றுக் கட்டுக்குச் சற்றுத் தள்ளி நிற்பார்கள், கயிற்றைத் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டார் யாரேனும் அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். எனக்கு எட்டு வயதானபோது அந்த வேலை என்னிடம் வந்தது. அம்மம்மா பக்கத்தில் நின்று பழக்கினார்: வாளியைச் சரித்து ஊற்ற வேண்டும், ஆனால் வாளியின் விளிம்பு குடத்தின் வாயில் முட்டக் கூடாது. தண்ணீர் சிந்தினால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. முட்டினால்தான் ஏச்சு விழும். வாளிக்கும் குடத்துக்கும் நடுவில் விடும் அந்த ஒரு சாண் இடைவெளியை என் கை நன்றாகப் பழகிவிட்டது என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. 'தண்ணீர்' நாவலை வாசிக்கும்போது நான் கிணற்றுக் கட்டின் எந்தப் பக்கத்தில் நின்றவள் என்பதை மறந்து வாசிக்க முடியவில்லை. வாசகரைத் தன் இடத்திலேயே நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்கும் எழுத்து எங்களிடம் அதிகம் இல்லை.

இதே வரிசையில் தெணியானின் 'பொற்சிறையில் வாடும் புனிதர்க'ளையும் வைக்கிறேன். வடமராட்சியில், ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஓர் எழுத்தாளர், கோவில் ஐயர் குடும்பத்தின் வீட்டுக்குள்ளே போய், அந்த மனிதர்களின் அடைபட்ட வாழ்வை இரக்கத்தோடு எழுதினார். தன்னை வாசலில் நிறுத்திய வீட்டுக்குள் கற்பனையால் நுழைந்து, உள்ளே இருப்பவரும் சிறைப்பட்டவர்தான் என்று கண்டவர் அவர். அதைச் செய்ய அவருக்கு இருந்த மனசு, மறுபக்கத்தில் இருந்து எழுதிய எத்தனை பேருக்கு இருந்தது என்ற கேள்வியை உங்கள் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

எஸ். பொன்னுத்துரையின் 'சடங்'கை இந்த இடத்திற் பேசுவது பலருக்குப் பிடிக்காது. 1960களில், டானியல் நின்ற முற்போக்கு எழுத்தாளர் அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்தவர் அவர். அந்தச் சண்டையின் சூடு இன்னும் சிலரிடம் ஆறவில்லை. என் அலுமாரியில் அவரும் டானியலும் பக்கத்திற் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இதுவரை ஒருவரையொருவர் கீழே தள்ளிவிடவில்லை.

'சடங்கு' எழுதப்பட்ட காலத்து யாழ்ப்பாணத்தின் பொருளாதாரமே கொழும்பிலிருந்து மாதா மாதம் வரும் காசுக்கட்டளையில் நின்றது. உத்தியோகத்தர் கொழும்பில் ஓர் அறையிற் சீவித்துக்கொண்டு, மனைவி மக்களை ஊரில் விட்டிருப்பார். விடுமுறை கிடைத்தால் ரயில் ஏறி வருவார். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி எத்தனையோ குடும்பங்களைத் தைத்து வைத்திருந்த நூல். அந்த நாவலின் செந்தில்நாதனும் அப்படி வருகிறவர்தான். மனைவி அன்னலட்சுமியோடு சற்று நேரம் தனித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகள், மாமியார், வருவோர் போவோர், வீட்டு அலுவல்கள். கல்யாணமான ஓர் ஆணும் பெண்ணும் தங்கள் சொந்த வீட்டிலே ஒரு மூலையைத் தேடுவதுதான் கதை.

வெளிவந்த நாளில் இதை ஆபாசம் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். எனக்கு இதில் ஆபாசம் தெரியவில்லை. மிகுந்த துக்கம் தெரிகிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு என்று மேலே சொன்னேன். அந்த எல்லைகளைக் கட்டிக் காப்பாற்றிய குடும்பத் தலைவனுக்கே அந்த வீட்டில் இடம் இல்லாமற் போனதை இவ்வளவு சிரிப்போடும் கசப்போடும் வேறு யாரும் எழுதவில்லை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆணின் தவிப்பு நாவல் முழுவதும் பேசப்படுகிறது. பெண்ணின் களைப்பை நாங்கள் வரிகளுக்கு நடுவில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் எழும்பி முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, இரவில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையைக் கவிழ்க்கும் பெண்ணுக்குப் புருஷன் வந்திருப்பது சந்தோஷமா, இன்னொரு வேலையா? பொன்னுத்துரை அந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறார். அடுத்த தலைமுறையில் ஒரு பெண் அதை எழுதியிருக்க வேண்டும். அதற்குள் சண்டை வந்துவிட்டது.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றை ஒரே மழைநாளில் முடித்தேன். நெடுந்தீவுக் கரைக்குப் பருவத்துக்குத் தொழிலுக்கு வரும் மீனவர்களின் கதை. அங்கே வீடு இல்லை; மீனவர் தற்காலிகமாகப் போடும் வாடிதான். அதனால்தானோ என்னவோ அதில் வரும் காதலுக்கும் பகைக்கும் கூடக் காற்றின் வேகம் இருக்கிறது. 1978இல் படமாகவும் வந்தது. விறுவிறுப்பாக வாசிக்கலாம்; மறுபடி மறுபடி யோசிக்க வைக்கும் நூல் என்று சொல்லமாட்டேன்.

சண்டைக் காலத்து நாவல்களுக்கு வருவோம். உங்கள் இரண்டாவது கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தபோது அதன் வடிவம் எனக்குச் சீண்டலாகப் பட்டது. புனைகதையின் தொடக்கத்திலே ஓர் அகதி விண்ணப்பம் எதற்கு, நடுநடுவே அடிக்குறிப்புகள் எதற்கு என்று எரிச்சலோடு நினைத்தேன். இப்போது வாசிக்கும்போது அதுவே சரியான வடிவம் என்று தோன்றுகிறது. வீட்டை விட்டு, ஊரை விட்டு, நாட்டை விட்டு வந்த ஒருவனுக்குப் படலையும் இல்லை, முற்றமும் இல்லை. விண்ணப்பத் தாளின் கட்டங்கள்தான் இருக்கின்றன. பெயர், பிறந்த இடம், வந்த காரணம். தன் வாழ்க்கையை அந்தக் கட்டங்களுக்குள் அடக்கிச் சொன்னால்தான் இன்னொரு நாட்டின் கதவு திறக்கும். அப்படிச் சொல்லும்போது எது உண்மை, எது சோடனை என்ற குழப்பம் தானாகவே வந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தை ஒளிக்காமல் அதையே நாவலாக்கியது பெரிய கெட்டித்தனம். பதிவேடு என்று நீங்கள் குறைப்பட்டீர்களே, அந்தப் பதிவேட்டையே கையில் எடுத்துத் திருப்பி அடித்த நாவல் என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' 2013இல் வந்தது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து முள்ளிவாய்க்கால்வரை சனம் தள்ளப்பட்டுக்கொண்டு போன, சண்டையின் கடைசி மாதங்களை, பேரப்பிள்ளைகளோடு அலையும் வயதான ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து சொல்கிறது. நாவலின் நுட்பங்களை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம் இருக்கும். சம்பவத்தின் மேற் சம்பவமாக அடுக்கப்பட்டிருக்கிறது; மூச்சு விட இடமில்லை; பாத்திரங்கள் அறிமுகமாகும் முன்னரே காணாமற் போய்விடுகிறார்கள். உங்கள் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, இது நாவலா என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் வன்னியிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு பெண் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். வாசிக்கும் பழக்கம் உள்ளவர் என்று நான் நினைத்திருக்கவில்லை. விறாந்தை மேசையில் அந்தப் புத்தகத்தைக் கண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டில் இருந்துகொண்டு தன்னுடைய கணக்கைச் சொன்னார். "முதல் இடப்பெயர்விலை கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாம் கழட்டி உழவு மெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு போனனாங்கள் ரீச்சர். ரெண்டாம் தரம் தகரம் மட்டும். பிறகு தகரத்தையும் விட்டிட்டுத் தறப்பாள். கடைசியிலை பங்கருக்கு மண் போட உரப்பை இல்லை. என்ரை கூறைச் சீலையை வெட்டித் தைச்சுத்தான் மண் நிரப்பினது." அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எத்தனை பை வந்தது என்றுகூடச் சொன்னார்: ஒன்பது.

ஒரு வீடு எப்படிக் கழன்று கழன்று கடைசியில் ஒரு சேலையாகி மண்ணுக்குள் போனது என்பதை அவர் ஐந்து வசனத்திற் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல வைத்தது அந்தப் புத்தகம். 'ஊழிக்கால'த்தில் சனம் சமைப்பதும், தண்ணீருக்கு அலைவதும், குழி வெட்டுவதும், மூட்டை கட்டுவதும், மறுபடி அவிழ்ப்பதும் திரும்பத் திரும்ப வருவது எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்தத் திரும்பத் திரும்ப என்பதுதான் கதை. ஆகவே என் கேள்வியைத் திருத்திக்கொண்டேன். வடிவத்தில் அதைப் பெரிய நாவல் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பின்னரும் அடுப்பைக் கைவிடாமல் எழுதியதால் அது வெறும் பதிவாக நின்றுவிடவில்லை. இடப்பெயர்வை ஆண்கள் எழுதும்போது வழிகளும் திகதிகளும் எறிகணைகளின் பெயர்களும் சரியாக இருக்கும். அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்பது பெரும்பாலும் இராது.

சயந்தனின் 'ஆதிரை' 2015இல் வெளிவந்த பெரிய நாவல். 1977 கலவரத்தால் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தையும், தனிக்கல்லடி என்ற ஊரையும், அந்த ஊர்ச் சனத்தின் மூன்று தசாப்தங்களையும் சொல்கிறது. எங்கள் இலக்கியத்தில் மலையகத் தமிழர் வன்னிக் காட்டோரத்தில் வந்து குடியேறிய வரலாறு இவ்வளவு விரிவாக எழுதப்பட்டதே பெரிய காரியம். யாழ்ப்பாணத்தார் அவர்களை எப்படி நடத்தினார்கள், எல்லைக் கிராமங்களில் ஏன் அவர்கள் குடியிருக்க நேர்ந்தது, சண்டைக்கு யாருடைய பிள்ளைகள் முதலிற் போனார்கள் என்பவற்றை இந்த நாவலை வாசித்தவர் மறக்க முடியாது. முற்பாதியில் ஊரின் ஒவ்வொரு வீடும் எனக்குத் தெரியும். இரவில் விளக்கில்லாமல் நடந்து போகலாம் என்றுகூடத் தோன்றியது. பிற்பாதியில் வரலாறு வேகமெடுக்கிறது. எல்லாரும் அறிந்த ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் நாவல் ஒரு பாத்திரத்தை அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது; மனிதர்கள் சம்பவத்துக்குச் சாட்சியாகப் போய் நிற்கிறார்கள். நூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் எந்த நூறு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட குறைக்கு வருகிறேன். உங்கள் வாசிப்பிற் பிழை இல்லை. எங்கள் நாவல்களிற் பலவற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு நானும் நடந்தேன். திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. நான் சேர்த்த புத்தகங்களில் மிஞ்சியவற்றைக் கறையான் எடுத்துக்கொண்டது. இப்படி எழுதியதெல்லாம் அழியும் ஊரில், எழுதுகிறவருக்கு முதலில் வருவது அழகுணர்ச்சி அன்று. விட்டுவிட்டால் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரே நாவலுக்குள் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள், வெளிக்கிடும் அவசரத்தில் ஒரே பெட்டிக்குள் காணி உறுதியையும் பிள்ளையின் சட்டையையும் அரிசியையும் அடைப்பதுபோல. அந்த அடைசலைக் குறை சொல்வதற்கு எனக்கு வாய் வருவதில்லை. ஆனாலும் அதுவே நல்ல நாவல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியாது.

சிறுகதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு ஒரு மூலை போதும். ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' 1989இல் வந்த மெல்லிய தொகுப்பு. அதில் உள்ள 'கோசலை' பிள்ளைகள் ஆயுத இயக்கத்துக்குப் போன ஒரு தாயின் கதை. தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது: இராமன் காட்டுக்குப் போனபின் அரண்மனையில் இருந்தவளின் பெயர் அது. காவியம் மகனின் பின்னாற் காட்டுக்குப் போகிறது. இந்தக் கதை தாயோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இயக்கங்களைப் பற்றி வந்த தடித்த நூல்கள் பலவற்றுக்குப் பிறகும் அந்த ஒரு கதை தேயவில்லை. அதன் மொழியையும் கவனியுங்கள். ஊர்ப் பேச்சு அலங்காரமாக ஒட்டப்படாமல், கதை சொல்லும் குரலுக்குள்ளேயே ஓடுகிறது.

கொக்குவிலிற் பிறந்த அ. முத்துலிங்கம் வேறு விதம். 1964இல் 'அக்கா' என்ற தொகுப்போடு தொடங்கியவர். நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பி வந்து எத்தனையோ நாடுகளின் கதைகளை எழுதினார். அவருடைய கதைகள் சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டிருக்கும்; முடிந்த பிறகு ஏதோ கை நழுவி விழுந்ததுபோல இருக்கும். சில சமயம் அந்த இலாவகமே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. துயரத்தை இவ்வளவு சுத்தமாகத் துடைத்து மேசையில் வைக்கலாமா என்று தோன்றும். அடுத்த கதையைத் தொடங்கியதும் அந்தச் சந்தேகம் மறந்துவிடும். இளையவர்களில் அனோஜன் பாலகிருஷ்ணனின் 'பச்சை நரம்'பை வாசித்தேன், 2018இல் வந்தது. உடலும் காமமும் குற்றவுணர்ச்சியும் அந்தக் கதைகளின் நடுவில் இருக்கின்றன. வீடு சுருங்கி அறையாகிவிட்டது, அறைக்கு உள்ளிருந்து பூட்டும் உண்டு. செந்தில்நாதன் தேடிக் கிடைக்காத தனிமை இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எல்லாக் கதையும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். என் வயதுக்கு அது நியாயம்தான்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான மறுமொழி: முத்துலிங்கத்தின் இளமைக் காலக் கதைகளில் இரண்டை முதலிற் கொடுங்கள், சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு 'கோசலை'. அதன் பிறகு 'தண்ணீர்'. 'சடங்'கை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். தகப்பன்மார் அதிபரிடம் வந்து நிற்பார்கள், அவர்களிற் பாதிப் பேர் அதை இளவயதில் ஒளித்து வாசித்தவர்களாக இருந்தாலும்கூட. நீங்கள் வாசியுங்கள். புத்தகம் கிடைப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சென்னையிலிருந்து வரும் பதிப்புகள் ஆசிரியச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாத விலைக்கு ஏறிவிட்டன என்பது உண்மை. ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் 'மல்லிகை' போன்ற சஞ்சிகைகளின் இதழ்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஒரு பாடசாலையில் ஈழத்து நாவல்களை, பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று சொல்லிக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பாடசாலையில் அப்படி இருந்தால் முதலில் அந்தத் திறப்பை வாங்குங்கள். கிழியட்டும்.

வகுப்பிற் கருத்துக் கேட்கும்போது, இது உண்மையில் நடந்ததா, யாரைப் பற்றி எழுதியது என்ற கேள்வியைத் தொடங்கவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு நாவல் வந்தால் முதல் மாதம் முழுவதும் அதில் வரும் ஆள் இன்னாரின் மச்சான் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். அதற்குப் பதிலாக, கதையில் வரும் வீட்டைக் கொப்பியில் வரையச் சொல்லுங்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். வரைய முடியாத இடத்தில் எழுதியவர் தடுமாறினாரா, வாசித்தவர் தடுமாறினாரா என்று கதைத்தால் ஒரு பாடவேளை போதாது.

நீங்கள் கேட்டிருந்த 'ஆதிரை'யை இப்போதைக்கு அனுப்ப முடியாது. அதையும் எதிர்வீட்டுப் பெண்தான் வாங்கிக்கொண்டு போனவர், மூன்று கிழமையாகிறது. 'ஊழிக்கால'த்தை மூன்று நாளில் முடித்தவருக்கு இதில் என்ன தாமதம் என்று நேற்று மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டேன். பாதியில் விட்டுவிட்டாராம். பிடிக்கவில்லையா என்றேன். "அப்பிடி இல்லை ரீச்சர். சனம் இன்னும் தனிக்கல்லடியிலைதான் இருக்கினம். வெளிக்கிடேல்லை. அவை அங்கையே இருக்கட்டும், நான் அதுக்கு அங்காலை வாசிக்கேல்லை" என்றார். புத்தகத்தைத் தருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.